பாதத்திலிருந்து தொடங்குங்கள்: லாங்க்ரே வரைந்த காமார்கோ

லண்டனில் உள்ள வாலஸ் கலெக்‌ஷன் அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய 42 செ.மீ. உயரமும் 54 செ.மீ. அகலமும் கொண்ட ஒரு தைலவண்ணப் படம் இருக்கிறது. மரங்கள் சூழ்ந்த பூங்கா வெளி. நடுவில் வெண்ணிற உடையில் ஒரு பெண் தனியாக ஆடுகிறார். இலைகளுக்குள் பாதி மறைந்தபடி சிலர் இசைக்கருவி வாசிக்கிறார்கள். சற்றுத் தள்ளி ஒரு கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது. 1730ஆம் ஆண்டையொட்டி இதை வரைந்தவர் பாரிஸைச் சேர்ந்த நிக்கோலா லாங்க்ரே (1690–1743). ஆடுபவர் மரி-ஆன் தெ குபீஸ் தெ காமார்கோ (1710–1770), அன்றைய பாரிஸ் ஓப்பெராவின் பெரும் புகழ் பெற்ற நடனமணி.

முதன்முறை பார்ப்பவர்களுக்கு இந்தப் படம் அழகாக இருக்கும். ஆனால் என்ன பார்க்க வேண்டும் என்று பிடிபடாது. உருவப்படம் என்கிறார்கள், முகமோ கட்டைவிரல் நுனியளவுதான். நடனம் என்கிறார்கள், மேடையைக் காணோம். இந்தக் குழப்பத்துக்குக் காரணம், இது இரண்டு வகை ஓவியங்களை ஒட்டிச் செய்த படம் என்பதே. அதைப் புரிந்துகொண்டால் அந்தக் காலத்து நடனமணிப் படங்கள் பெரும்பாலானவற்றைப் படிக்கத் தெரிந்துவிடும்.

உருவப்படமும் பூங்கா விருந்தும்

பிரான்ஸின் அரச ஓவியக் கழகம் ஓவியங்களைத் தரவரிசைப்படுத்தியிருந்தது. புராண, வரலாற்றுக் காட்சிகள் உச்சியில், அதற்கடுத்து உருவப்படம், அன்றாட வாழ்க்கை, நிலக்காட்சி எல்லாம் கீழே. இந்த வரிசைக்குள் அடங்காத ஒன்றை வரைந்தவர் அந்துவான் வாத்தோ (1684–1721). நாகரிக உடையணிந்த ஆணும் பெண்ணும் ஒரு பூங்காவில் பேசுவது, வாசிப்பது, ஆடுவது, சும்மா உட்கார்ந்திருப்பது, இவைதான் அவர் பொருள். கதை எதுவும் கிடையாது. 1717இல் அவரைக் கழகத்தில் சேர்த்தபோது இந்த வகைக்கு ‘ஃபேத் கலாந்த்’ (நாகரிகப் பூங்கா விருந்து) என்ற பெயர் வழங்கலாயிற்று. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1719இல், அதே வகை ஓவியராகக் கழகத்துக்குள் வந்தவர்தான் லாங்க்ரே.

வாத்தோவின் பூங்காவில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் பெயர் கிடையாது. அவர்கள் யார் என்பது முக்கியமும் இல்லை. லாங்க்ரே அந்தப் பூங்காவின் நடுவில், ஊரே அறிந்த ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவர் செய்த புதுமை அவ்வளவுதான், ஆனால் அது சின்ன விஷயம் இல்லை. பெயர் தெரிந்த ஒருவர் நடுவில் வந்ததும் சுற்றியுள்ள கூட்டம் பார்வையாளர்களாக மாறிவிடுகிறது, பூங்கா மேடையாகிவிடுகிறது. படத்தில் நாற்காலியில் சாய்ந்து போஸ் கொடுக்கும் சீமாட்டி இல்லை. வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு கலைஞர் இருக்கிறார்.

ஆகவே இதில் அடையாளம் முகத்தில் இல்லை, உடல் நிற்கும் விதத்தில் இருக்கிறது. காமார்கோவின் முகம்தான் வேண்டும் என்றால், பிரான்ஸின் சேன்-கந்தேன் நகரில் மோரிஸ் கந்தேன் தெ லா தூர் பாஸ்டலில் (உலர் வண்ணக் குச்சியில்) தீட்டிய அவரது முக ஆய்வு இருக்கிறது. அதில் பாதம் இல்லை. லாங்க்ரேயிடம் போனால் பாதம் கிடைக்கும். இரண்டையும் ஒரே வேலைக்குப் பயன்படுத்தப் பார்ப்பவர்கள்தான் “லாங்க்ரேக்கு முகம் வரையத் தெரியாது” என்ற முடிவுக்கு வருகிறார்கள்.

ஏன் பாதத்தில் தொடங்க வேண்டும்

காமார்கோ பிரஸ்ஸல்ஸில் பிறந்தவர். தந்தை இசையும் நடனமும் கற்பித்தவர். பாரிஸில் ஃபிரான்சுவாஸ் பிரெவோவிடம் பயின்று, 1726 மே மாதத்தில் பதினாறு வயதில் ஓப்பெரா மேடையேறினார். இடையில் சில ஆண்டுகள் விலகியிருந்து, 1751இல் ஓய்வு பெற்றார். தொழில்முறைப் பெண் ஆட்டக்காரர்கள் ஓப்பெராவில் தோன்றத் தொடங்கியதே 1681இல்தான். காமார்கோ வந்தபோது அந்த வழக்கத்துக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. பெண்களின் ஆட்டம் நளினம், நகர்வு, கைவீச்சு என்று ஒரு பக்கமும், தாவல்களும் கால் வெட்டுகளும் (காற்றில் கால்களைக் குறுக்கே தட்டுவது) ஆண்களின் சொத்தாக மறுபக்கமும் கிடந்தன. காமார்கோ அந்த வேலியைத் தாண்டினார்.

அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அடவு ‘அந்த்ர்ஷா காத்ர்’. இதைச் சரியாகப் புரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் உடையில் நடந்த மாற்றத்துக்கான விளக்கம் இதற்குள்தான் இருக்கிறது. ஒரு குதிகாலுக்கு முன்னால் மறு காலின் விரல்கள் ஒட்டும்படி பாதங்களைக் குறுக்கே வைத்து நிற்க வேண்டும். முழங்காலை மடக்கி மேலே எழ வேண்டும். காற்றில் இருக்கும்போது முன்னங்கால் பின்னே போய்த் தட்டி, மீண்டும் முன்னே வந்துவிட வேண்டும். தரையைத் தொடும்போது பாதங்கள் புறப்பட்ட நிலையிலேயே இருக்கும். ஒவ்வொரு காலுக்கும் இரண்டு அசைவு. இரு கால்களுக்கும் சேர்த்து நான்கு. பெயரில் உள்ள ‘காத்ர்’ இந்த நான்குதான். இதை மேடையில் செய்த முதல் பெண் இவரே என்று நடன வரலாறுகள் வழக்கமாகச் சொல்கின்றன.

இந்த அசைவு முழுவதும் கணுக்காலையொட்டி, ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் நடந்து முடிகிறது. பாவாடை தரையைத் தொட்டால் பார்ப்பவர்களுக்கு ஒரு பெண் சற்றே எம்பி இறங்கியது மட்டும்தான் தெரியும். அதனால் விளிம்பு மேலே ஏறியது. எவ்வளவு என்றால், கணுக்கால் தெரியும் அளவுக்கு. இன்றைய பார்வைக்கு அது நீளப் பாவாடைதான். அன்றைக்கு ஊர் வாய்க்கு அவல். படத்தில் விளிம்புக்கும் தரைக்கும் இடையில் விட்டிருக்கும் இடைவெளியைக் கவனியுங்கள். லாங்க்ரே அந்தப் பகுதியில் தரையை வெளிறிய நிறத்தில் விட்டு, பாதங்களைத் தெளிவாக எடுத்துக்காட்டுகிறார். படத்தின் மற்ற மூலைகளில் அவர் கோடுகள் இவ்வளவு கறாராக இருக்காது.

இன்னொரு கதையையும் இங்கே சரிபார்த்துக்கொள்ளலாம். காமார்கோதான் நடனக் காலணியிலிருந்து குதியை நீக்கினார் என்று பல இடங்களில் எழுதப்பட்டிருக்கும். லாங்க்ரேயின் படத்தை நன்றாகப் பெரிதாக்கிக் காலணியைப் பாருங்கள். அந்தக் காலத்து நாகரிகக் காலணியின் வடிவம்தான் இருக்கிறது, தட்டையான பயிற்சிச் செருப்பு இல்லை. ஓவியர் அழகுக்காக மாற்றியிருக்கலாம் என்று வாதாட இடம் உண்டு. ஆனால் குதி நீக்கிய கதைக்கு இந்தப் படத்தைச் சாட்சியாக இழுக்க முடியாது. விரல் நுனியில் எழும்பி நிற்பதையும் இதில் தேடாதீர்கள். அது 19ஆம் நூற்றாண்டின் சங்கதி. இங்கே உயரமென்றால் பாதத்தின் முன்பகுதியில் எழுவது மட்டுமே.

பாதங்கள் எவ்வளவு வெளிநோக்கித் திரும்பியிருக்கின்றன என்பதும் தவறாகப் படிக்கப்படுவது வழக்கம். இன்றைய பாலேயில் இரு பாதங்களும் ஒரே நேர்கோட்டில் விரிவதுதான் இலக்கு. 18ஆம் நூற்றாண்டில் ஒவ்வொரு பாதமும் சுமார் 45 பாகை திரும்பினால் போதும். பரதநாட்டியத்தின் அரைமண்டியில் முழங்கால்கள் பக்கவாட்டில் விரிவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, காமார்கோவின் நிலை ஏதோ பாதியில் நின்றுவிட்டதுபோலத் தோன்றும். அது பயிற்சிக் குறைவு அல்ல, அந்தக் காலத்தின் அளவுகோல்.

தாவலில் பேரெடுத்தவர் தரையில் நிற்பது ஏன்?

படத்தின் உண்மையான புதிர் இதுதான். தாவலுக்கும் கால் வெட்டுக்கும் பெயர் பெற்றவரை வரையும்போது லாங்க்ரே அவரைக் காற்றில் தூக்கவில்லை. ஒரு கால் உடலைத் தாங்குகிறது, மறு கால் நுனியை நீட்டிக்கொண்டு முன்னே வருகிறது.

வரைந்து பார்த்தவர்களுக்கு இதன் காரணம் உடனே விளங்கும். தாவும் உருவத்தை நிறுத்திப் பிடித்தால் அது பறப்பதாகத் தெரியாது, கயிற்றில் தொங்குவதாகத் தெரியும். காலுக்கும் நிழலுக்கும் உள்ள தொடுப்பு அறுந்ததும் எடை எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. கால் வெட்டு இன்னும் மோசம்: இரண்டு கணுக்கால்கள் குறுக்கே கிடக்கும் அந்த நொடியைத் தனியே எடுத்தால் தடுக்கி விழுபவர்போல இருக்கும். ஆகவே ஓவியர் அசைவின் உச்சத்தை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய கணத்தை எடுக்கிறார். எடை ஒரு காலில் முழுதாக இறங்கியிருக்கிறது. அடுத்த அடி எந்தப் பக்கம் போகும் என்று உடலின் சாய்வு சொல்கிறது. மீதியைப் பார்ப்பவர் முடித்துக்கொள்கிறார். காமார்கோவை மேடையில் பார்த்திருந்த பாரிஸ்காரருக்கு அந்த மீதி என்னவென்று நன்றாகவே தெரியும்.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கழுத்துக் குழியிலிருந்து நேர்கீழாக ஒரு கோடு இழுங்கள், காகிதத்தில் அல்லது திரையில் ஓர் அளவுகோலை வைத்து. அந்தக் கோடு தாங்கும் காலின் பாதத்தில் அல்லது அதற்கு மிக அருகில் விழுந்தால் உருவம் நிற்கும். இரண்டு பாதங்களுக்கும் வெளியே விழுந்தால் உருவம் சாயும். நடனப் படங்களை நகலெடுத்துப் பழகும் மாணவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். உடையின் மடிப்பிலும் பூச்சரத்திலும் நேரத்தைச் செலவழித்துவிட்டு, கோடு எங்கே விழுகிறது என்று கடைசியில் பார்க்கிறார்கள். அப்போது பாவாடையையே நகர்த்த வேண்டியிருக்கும்.

பாதத்துக்குப் பிறகு கை. அந்தக் காலத்து நடனத்தில் காலுக்கு எதிர்ப்பக்கக் கை எழுவதுதான் முறை: வலக்கால் முன்னே போனால் இடக்கை மேலே. அசைவு தோளிலிருந்து வராது, முழங்கையிலும் மணிக்கட்டிலும் வளையும். காமார்கோவின் கைகள் பக்கவாட்டில் மெல்ல விரிந்திருக்கின்றன, தலைக்கு மேலே போகவில்லை. ரசனை ஒரு காரணம், தையல் இன்னொரு காரணம். எலும்பும் துணியும் வைத்துத் தைத்த இறுக்கமான மேற்சட்டை, தோள்பட்டையை வெளியே தள்ளிக் கீழே பிடித்திருக்கும். கையை உயரத் தூக்கினால் சட்டை மொத்தமும் மேலே ஏறும். உடலின் நடுப்பகுதி ஒரே துண்டாக நிமிர்ந்திருப்பதும் இதனால்தான்.

வெண்பட்டு

உடையை வெறும் வெள்ளை என்று கடந்துவிடக் கூடாது. லாங்க்ரேயின் கைத்திறன் அதிகம் தெரிவது சாடின் துணியில்தான். பூச்சரங்கள் அதற்கு மேல் பூசிய அலங்காரம். இரு பக்கமும் அகன்று நிற்பதற்கு உள்ளே வளையங்கள் வைத்த கூடு இருக்கிறது, 1710களின் இறுதியில் பாரிஸில் பரவிய நாகரிகம் அது.

வெண்பட்டைத் தீட்டும்போது படத்தில் உண்மையாக வெள்ளையாக இருக்கும் பரப்பு மிகக் குறைவு. பெரும்பகுதி சாம்பல், அதில் ஓர் ஓரம் நீலம் கலந்து குளிரும், ஓர் ஓரம் மஞ்சள் கலந்து சூடாகும். மடிப்பின் முகட்டில் மட்டும் கெட்டியான ஈயவெள்ளை, மெல்லிய, கூர்மையான, திடீரென்று முறியும் கோடாக வரும். அந்தக் கோட்டை அகலமாக இழுத்தாலோ ஓரத்தை மிருதுவாகத் தேய்த்தாலோ பட்டு பருத்தியாகிவிடும். இன்னும் கொஞ்சம் தேய்த்தால் சுண்ணாம்புச் சுவர். பட்டு பக்கத்திலுள்ள நிறத்தையும் வாங்கித் திருப்பித் தரும். ஆகவே பாவாடையின் கீழ்ப்பகுதியில் தரையின் மண்ணிறமும், ஓரங்களில் இலைகளின் பச்சையும் லேசாக ஏறியிருக்க வேண்டும். இந்த ஏற்றத்தை விட்டுவிட்டால் உருவம் வெட்டி ஒட்டியதுபோலத் தனித்து நிற்கும்.

இணையத்தில் இந்தப் படத்தின் பிரதிகளைப் பார்க்கும்போது, ஒன்றில் உடை வெள்ளியாகவும் இன்னொன்றில் வெண்ணெய் நிறமாகவும் தெரியக்கூடும். படம் எடுத்த விளக்கு ஒரு காரணம். பழைய வார்னிஷ் மற்றொன்று: இயற்கைப் பிசின் வார்னிஷ் காலப்போக்கில் மஞ்சளாகும், அப்போது வெள்ளை மங்கும், நீலம் பச்சைக்கு நகரும். நிறத்தைப் பற்றி முடிவு சொல்லுமுன் அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்திலுள்ள படத்தைப் பார்ப்பது பாதுகாப்பு.

பூங்கா நிஜமா?

காமார்கோ ஆடியது பலே-ருவாயாலில் இருந்த ஓப்பெரா அரங்கில். மெழுகுவர்த்திச் சரவிளக்குகள், மேடையோரத்தில் கீழிருந்து முகத்தில் அடிக்கும் விளக்குகள், நிறையப் புகை. படத்திலோ பகல் வெளிச்சம் மேலிருந்து இறங்குகிறது. ஆகவே இதை ஒரு நிகழ்ச்சியின் பதிவாக எடுத்துக்கொள்ள முடியாது. “இது எந்த ஓப்பெராவின் எந்தக் காட்சி” என்று தேடிப் போவதில் பெரிய பயன் இல்லை. அதேசமயம் ஓப்பெரா மேடைக்கும் பூங்காக் காட்சிகள் சீலையில் தீட்டப்பட்டன என்பதை மறக்க வேண்டாம். மேடையிலிருந்த பொய்த் தோட்டத்தை ஓவியர் மெய்த்தோட்டமாக மாற்றினாரா, மெய்த்தோட்டத்தில் மேடையை விரித்தாரா என்பது வேண்டுமென்றே மங்கலாக விடப்பட்டிருக்கிறது. என் பார்வையில் படத்தின் கவர்ச்சியில் பாதி இந்த மங்கலில்தான் இருக்கிறது.

வாசிப்பவர்களை இலைக்குள் ஒளித்ததும் அதைச் சேர்ந்ததே. ஓசைக்குக் காரணம் இருக்கிறது, ஆனால் கண் அங்கே தங்குவதில்லை. பார்வையாளர்களும் இருண்ட, பழுத்த நிறங்களில் குழுக்களாக அடங்கிவிடுகிறார்கள்.

ஒரே படம் அல்ல

“லாங்க்ரேயின் காமார்கோ” என்று ஒருமையில் பேசுவது பெரிய குழப்பத்துக்கு வழி. லண்டன் படத்தைத் தவிர வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்திலும், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜிலும், பிரான்ஸின் நாந்த் நகர அருங்காட்சியகத்திலும் அவர் வரைந்த காமார்கோ படங்கள் இருக்கின்றன. வாஷிங்டன் படம் 76.2 × 106.7 செ.மீ., மற்றவற்றைவிடத் தெளிவாகப் பெரியது. அதில் காமார்கோ தனியாக இல்லை. ஓர் ஆண் துணையோடு ஆடுகிறார். பிரஷ்ய அரச குடும்பத்திடம் இருந்து பின்னர் அமெரிக்கச் சேகரிப்பாளர் ஆண்ட்ரூ மெலன் வழியாக 1937இல் அந்த அருங்காட்சியகத்தை அடைந்த படம் அது. பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் லாங்க்ரேயின் படங்களை ஆசையாகச் சேர்த்தவர்.

ஒரே ஓவியர் ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப வரைவது அன்று தொழிலின் இயல்பு. லாங்க்ரே தனித்தனி உருவங்களைச் செஞ்சாக்கில் வரைந்து வைத்துக்கொள்வார். கை, தலை, உட்கார்ந்தவர், வாசிப்பவர் எல்லாம் தாள்களில் தயாராக இருக்கும். புதிய படத்துக்கு அவற்றிலிருந்து எடுத்து அடுக்கலாம். நடுவில் இருப்பவரை மாற்றாமல் சுற்றத்தை மாற்றினால் புதுப் படம். எந்தப் பிரதியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை, ஊரையும் அளவையும் சொல்லித் தொடங்கும் பழக்கம் பல வீண் விவாதங்களைத் தவிர்க்கும்.

இவற்றையெல்லாம்விட அதிகம் பேர் பார்த்தது அச்சுப்படத்தைத்தான். லொரான் கார்ஸ் (1699–1771) காமார்கோவின் படத்தைச் செப்புத்தகட்டில் கொண்டுவந்தார். 1731இல் அது விற்பனைக்கு வந்தது. அடியில் காமார்கோவே பேசுவதுபோல நான்கு வரிப் பாட்டு: தாளத்தின் விதிக்குக் கட்டுப்பட்டே மிகத் துணிந்த அடிகளை வைக்கிறேன், என் ஆட்டம் எனக்கே உரியது, பலோன்களோடும் பிளோந்திகளோடும் நான் போட்டிக்கு நிற்பேன் என்று. பலோனும் பிளோந்தியும் அக்காலத்தின் பெயர்பெற்ற ஆண் ஆட்டக்காரர்கள். அவரை யாரோடு ஒப்பிட்டார்கள் என்பதை இந்தப் பாட்டைவிட வெளிப்படையாக எதுவும் சொல்லாது.

அச்சில் ஒரு பொறி உண்டு. ஓவியத்தைப் பார்த்து அப்படியே தகட்டில் கீறினால், தாளில் இடம் வலமாகிவிடும். நிலக்காட்சியில் இதனால் பெரிய நட்டமில்லை. நடனத்தில் தாங்கும் காலே மாறிப்போகும். ஒரு செதுக்குப் படத்தை நடன ஆதாரமாக எடுக்குமுன் வயலின்காரரைத் தேடுங்கள். வில் வலக்கையில் இருக்க வேண்டும். இடக்கையில் இருந்தால் படம் புரண்டிருக்கிறது. வயலின் இல்லாவிட்டால் ஆண்களின் இடுப்பு வாள்: அது இடப்பக்கம் தொங்குவதுதான் வழக்கம்.

அடுத்து எந்தப் படங்களைப் பார்க்கலாம்?

மரி சல்லேயிடமிருந்து தொடங்கலாம். காமார்கோவுக்கு நிகராகப் பேசப்பட்டவர், நேரெதிர் பாணி. எழுத்தாளர் வோல்தேர் இருவரையும் ஒரே பாட்டில் வைத்து, வனதேவதைகள் காமார்கோவைப் போலத் தாவுவார்கள், அழகின் தேவியரோ சல்லேயைப் போல ஆடுவார்கள் என்று எழுதினார். அடுத்து சல்லேயை லாங்க்ரே 1732இல் வரைந்தபோது பூங்காவில் ரோமானிய வேட்டைத் தெய்வம் டயானாவின் கோயிலை வைத்தார், பின்னால் அழகின் தேவியர் மூவரையும் ஆடவிட்டார். காமார்கோவுக்குத் தேவைப்படாத புராணம் சல்லேக்கு வந்து சேர்ந்தது. இரண்டு படங்களையும் அருகருகே வைத்தால், ஓவியர் ஒவ்வொருவரின் ஆட்டத்துக்கும் ஏற்றபடி பின்னணியைத் தேர்ந்தது தெரியும். சல்லே 1734 பிப்ரவரியில் லண்டன் கோவென்ட் கார்டனில் ‘பிக்மாலியன்’ ஆடியபோது, வளையக்கூட்டைக் கழற்றிவிட்டு, கூந்தலை அவிழ்த்து, மெல்லிய மஸ்லினைக் கிரேக்கச் சிலைபோலச் சுற்றிக்கொண்டு வந்தார். லாங்க்ரேயின் படம் அதற்கு முந்தையது என்பதால் அந்தப் புரட்சியை அதில் தேட வேண்டாம்.

பிறகு பார்பரா கம்பனீனி (1721–1799), பார்பரினா என்று ஊர் அழைத்த இத்தாலியர். வெனிஸின் ரொசால்பா கரியேரா அவரை 1739ஆம் ஆண்டையொட்டிப் பாஸ்டலில் மார்பளவு வரைந்தார். படம் டிரெஸ்டனில் இருக்கிறது. பெயர்ப்பலகையை மறைத்துவிட்டால் அவர் நடனமணி என்று சொல்லவே முடியாது. சில ஆண்டுகளில், ஃபிரெடரிக்கின் அரசவை ஓவியர் அந்துவான் பென் அவரையே பெர்லினில் ஆளுயரத்தில், கையில் கஞ்சிராவைப் போன்ற தம்புரீனோடு ஆடும் நிலையில் தீட்டினார். இன்று அது ஷார்லாட்டன்பர்க் அரண்மனையில் இருக்கிறது. ஒரே ஆள், ஒன்றில் முகம் மட்டும், மற்றொன்றில் முகமும் பாதமும் ஆள் உயரமும். கழுத்துக் குழிக் கோட்டை பென் வரைந்த படத்தில் இழுத்துப் பாருங்கள், பிறகு லாங்க்ரேயிடம் திரும்புங்கள். பெரிய சீலையில் எடையை நம்பவைப்பது எவ்வளவு கடினம், 42 செ.மீ. உயரத்துக்குள் அதைச் சாதிக்க லாங்க்ரே எவற்றையெல்லாம் விட்டுக்கொடுத்தார் என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும்.